என்கிளெக்ஸ் இரண்டாம் முறை: 45 நாளா, கோச்சிங்கா, வேலையோடு நான்கு மாதமா?

போன மாதம் நைட் டூட்டி முடிந்து புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் கடலூர் வண்டிக்கு நின்றுகொண்டிருந்தேன். எங்கள் வார்டில் இரண்டு வருடம் எனக்கு ஜூனியராக இருந்த பெண் போன் செய்தாள். "அக்கா, போயிடுச்சுக்கா" என்றாள். எது என்று கேட்கத் தேவையே இல்லை, அமெரிக்காவில் நர்ஸ் உரிமம் வாங்க எழுதும் என்கிளெக்ஸ் தேர்வுதான். கொஞ்ச நேரம் அழுதாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "45 நாள்ல திரும்ப எழுதலாமாமே, பணத்தக் கட்டிடவா? இல்ல வேலைய விட்டுட்டு சென்னைக்குக் கோச்சிங் போயிடவா?" என்று கேட்டாள்.

பஸ் தவளக்குப்பம் தாண்டும் வரை பேசினோம். அரைத் தூக்கத்தில் நான் சொன்னது அவளுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ தெரியவில்லை. அதனால் இங்கே நிதானமாக எழுதுகிறேன். கடலூரிலும் புதுச்சேரியிலும் இதே கேள்வியோடு இன்னும் எத்தனையோ பேர் இருப்பீர்கள்.

நானும் தவறித்தான் தேறினேன். 2023 செப்டம்பரில் 112-ஆவது கேள்வியில் திரை அணைந்தது, ஃபெயில். 2024 பிப்ரவரியில் 97-ஆவது கேள்வியில் அணைந்தது, பாஸ். எத்தனையாவது கேள்வியில் நின்றது என்பதை வைத்து ஒன்றுமே சொல்ல முடியாது, அதைப் பற்றி மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். குறைந்தது 85, அதிகபட்சம் 150. நீங்கள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருக்கிறீர்களா கீழே இருக்கிறீர்களா என்று கம்ப்யூட்டருக்கு 95 சதவீதம் உறுதியானதும் அது நிறுத்திவிடும்.

மறுமுறைக்கான விதிகளை முதலில் பார்த்துவிடுவோம். ஒரு தேர்வுக்கும் அடுத்ததற்கும் நடுவில் 45 நாள் இடைவெளி வேண்டும். வருடத்துக்கு எட்டு முறை வரை எழுதலாம். ஆனால் நீங்கள் விண்ணப்பித்திருக்கும் அமெரிக்க மாநில நர்சிங் போர்டு அதைவிடக் குறைவாக வைத்திருக்கலாம், அதனால் அந்த போர்டின் விதியைத் தனியாகப் பாருங்கள். பதிவுக்கு ஒவ்வொரு முறையும் 200 டாலர். நாம் சென்னையில் எழுதுவதால் வெளிநாட்டு மையத்துக்கென்று இன்னொரு 150 டாலர், அதற்கு வரி தனி. ரூபாயில் முப்பதாயிரத்தைத் தாண்டிவிடும். தனியார் மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களுக்கு இது ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். அதனால்தான் இந்த முடிவை அழுகையோடு எடுக்கக் கூடாது என்கிறேன்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு காகிதத்தைப் பார்க்க வேண்டும். தவறியவர்களுக்கு மட்டும் சிபிஆர் என்று ஒரு அறிக்கை வரும். நிறைய பேர் அதைத் திறந்ததும் மூடிவிடுகிறார்கள். நானும் பத்து நாள் திறக்கவில்லை. அதில் மதிப்பெண் இருக்காது. பாடப் பகுதிகள் ஒவ்வொன்றிலும் நீங்கள் தேர்ச்சி அளவுக்கு மேலேயா, அருகிலா, கீழேயா என்று மட்டும் இருக்கும். எனக்கு மருந்துப் பகுதி மேலே, உடல்நோய் சார்ந்த பகுதிகள் அருகில் என்று வந்திருந்தது. 'மேனேஜ்மென்ட் ஆஃப் கேர்' பகுதி மட்டும் கீழே. ஒரு தேர்வில் 15 முதல் 21 சதவீதம் வரை அந்தப் பகுதியிலிருந்து வரும், எட்டுப் பகுதிகளில் அதுதான் பெரியது. முதல் தடவை நான் ராத்திரி பகலாக உருப்போட்டதெல்லாம் மருந்தும் நோயும். கீழே போயிருந்ததோ யாரை முதலில் பார்ப்பது, யாரிடம் எந்த வேலையைக் கொடுப்பது என்கிற பகுதி. இந்தக் காகிதத்தைப் படிக்காமல் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அதே இடத்தில்தான் மறுபடியும் வந்து நிற்போம்.

சரி, முதல் வழி, 45 நாளில் திரும்ப எழுதுவது. 'படித்தது மறப்பதற்குள் எழுதிவிடு' என்று வீட்டிலும் சொல்வார்கள், கூட வேலை செய்கிறவர்களும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வந்துபோகிறவள் என்றால் எட்டு மணி நேர டூட்டி, ஹேண்ட் ஓவர், போக வர பஸ் எல்லாம் சேர்த்துப் பதினொரு மணி நேரம் போய்விடும். மிச்சத்தில் உருப்படியாக ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் படிக்க முடிந்தால் பெரிய விஷயம். 45 நாளைக்கு 90 மணி நேரம். பயிற்சிக் கேள்விகள் அடங்கிய கேள்வி வங்கியில் ஒரு கேள்வியைப் போட்டு, விளக்கத்தைப் படித்து, நோட்டில் ஒரு வரி எழுத மூன்று நிமிடமாவது ஆகும். இரண்டாயிரம் கேள்விக்கு 100 மணி நேரம். ஆக கேள்விகளை ஒரு சுற்று முடிக்கவே நேரம் போதாது, இதில் பாடத்தைத் திருப்பிப் படிப்பது எங்கே? நடுவில் ஒரு வாரம் நைட் டூட்டி விழுந்தால் அதுவும் போச்சு.

சிபிஆரில் எல்லாமே 'அருகில்' என்று வந்து, தேர்வன்று காய்ச்சல் இருந்தது, தூங்கவில்லை, நேரம் போதவில்லை என்கிற மாதிரி தெளிவான காரணம் இருந்தால் 45 நாள் வழி சரிதான். ஒரு மாதம் லீவு கிடைக்கிறவர்களுக்கும் சரி. மற்றவர்கள் இந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இவ்வளவு அவசரம் எதற்கு என்றும் யோசியுங்கள். அமெரிக்கா போவதற்கு இந்தியர்கள் நிற்கும் இபி-3 வரிசை, அதாவது வேலை வழியாக கிரீன் கார்டு வாங்கும் வரிசை, பல வருட நீளம். சீக்கிரம் பாஸ் செய்தால் வரிசையில் சீக்கிரம் இடம் பிடிக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் அத்தனை வருடத்தில் இரண்டு மூன்று மாதம் முன்பின் ஆவது ஒரு பொருட்டே இல்லை. இன்னொரு ஃபெயில் கொடுக்கும் அடி அதைவிடப் பெரியது. கனடாவுக்குப் போகிறவர்களும் இதே தேர்வைத்தான் எழுதுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் பதிவு பெறவும் பெரும்பாலும் இதே தேர்வும் அதற்குப் பிறகு அங்கே ஒரு செய்முறைத் தேர்வும்தான். ஒரு கதவு மெதுவாகத் திறக்கிறது என்பதற்காகப் பதற வேண்டாம்.

இரண்டாவது வழி, வேலையை விட்டுவிட்டுக் கோச்சிங். இதில் எனக்குச் சொந்த வருத்தம் ஒன்று உண்டு. முதல் தடவை நான் சேர்ந்திருந்தது ஒரு ஆன்லைன் பேட்ச், அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். வகுப்பில் சார் ஸ்லைடைப் படிப்பார். நாம் கல்லூரியில் நான்கு வருடம் படித்த அதே ஹார்ட் ஃபெயிலியர், அதே டயபடீஸ். கேள்வி கேட்டால் 'குரூப்பில் போடுங்க' என்பார்கள், குரூப்பில் பதில் வராது. கடைசி வாரத்தில் 'போன மாதம் வந்த கேள்விகள்' என்று ஒரு பிடிஎஃப் கொடுத்தார்கள். அதை ஒரு முழு ராத்திரி படித்தேன். தேர்வில் அதிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. எப்படி வரும்? அவரவர் பதிலுக்கு ஏற்றபடி அடுத்த கேள்வியைக் கம்ப்யூட்டர் பெரிய கேள்விக் குவியலிலிருந்து எடுக்கிறது. இருவருக்கு ஒரே தாள் என்பதே கிடையாது. அதோடு, கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று நாம் ஒப்புக்கொண்ட பிறகுதான் தேர்வே தொடங்குகிறது. அப்படிப்பட்ட பிடிஎஃப் வைத்திருப்பது ரிசல்ட்டையே ரத்து செய்கிற அளவுக்குக் கொண்டுபோய்விடலாம். யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்காகக் கோச்சிங் யாருக்கும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கல்யாணம், குழந்தை என்று ஐந்தாறு வருடம் வார்டு பக்கமே போகாதவர்களுக்கு, வீட்டில் தனியாக உட்கார்ந்தால் புத்தகம் திறக்காதவர்களுக்கு, சிபிஆரில் ஐந்தாறு பகுதிகள் 'கீழே' என்று வந்தவர்களுக்கு ஒரு நல்ல வகுப்பு அடித்தளம் போட்டுக் கொடுக்கும். சேர்வதற்கு முன் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒரு பேட்ச்சில் எத்தனை பேர்? 2023 ஏப்ரலில் வந்த புதிய முறைக் கேஸ் ஸ்டடிகளை, அதாவது ஒரே பேஷண்ட்டின் விவரத்தை வைத்துத் தொடராக வரும் கேள்விகளை, வகுப்பில் உட்கார்த்திப் போட வைப்பார்களா? இரண்டுக்கும் நேராகப் பதில் வராவிட்டால் பணத்தைக் கட்டாதீர்கள். வேலையை விடுவதைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், வேறு வழியே இல்லை என்றாலொழிய விடாதீர்கள். சம்பளம் நின்று, சென்னை ஹாஸ்டல் வாடகையும் சேர்ந்தால், படிக்கும்போதே பணக் கவலைதான் புத்தகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். இன்னொன்று, ஏஜென்சி ஏதாவது 'மறுதேர்வுச் செலவு எங்களுடையது' என்று வந்தால், எத்தனை வருடம் அவர்களிடம் வேலை செய்யவேண்டும், நடுவில் விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்டவேண்டும் என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மூன்றாவது வழி நான் போனது. வேலையில் இருந்துகொண்டே நான்கு ஐந்து மாதம், ஒரு கேள்வி வங்கி, கூடப் படிக்க ஒரே ஒரு ஆள். யூவேர்ல்ட், ஆர்ச்சர் இரண்டையும்தான் நம் ஊரில் அதிகம் வாங்குகிறார்கள். யூவேர்ல்டில் விளக்கம் விரிவாக, படத்தோடு இருக்கும், விலை கூடுதல். ஆர்ச்சர் மலிவு, தயாராகிவிட்டோமா என்று பார்க்கிற மாதிரித் தேர்வுகள் அதில் நன்றாக இருக்கின்றன. பாடம் சுமாராக ஞாபகம் இருந்து, முடிவெடுப்பதில் தவறுகிறவர்களுக்கு முதலாவது. எத்தனை வங்கி வாங்கினோம் என்பதில் ஒன்றும் இல்லை, ஒன்றை முழுதாக முடித்தால் போதும்.

ஒரு நாளைக்கு 25 கேள்வி. அதற்கு மேல் போட்டால் விளக்கத்தைப் படிக்கப் பொறுமை இருக்காது. தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டில் மூன்று கட்டங்கள் போட்டேன். முதல் கட்டம் 'தெரியாது'. இரண்டாவது 'தெரியும், சரியாகப் படிக்கவில்லை'. மூன்றாவது 'நம்ம வார்டு பழக்கம்'. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் மூன்றாவது கட்டம்தான் நிரம்பி வழிந்தது.

ஒரு கேள்வியைச் சொல்கிறேன். இரண்டு பேஷண்ட்டுகள், யாரை முதலில் பார்ப்பீர்கள்? ஒருவர் சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள பேஷண்ட், ரத்த ஆக்ஸிஜன் அளவான எஸ்பிஓ2 90 சதவீதம். இன்னொருவர் நேற்று தைராய்டு ஆபரேஷன் ஆனவர், உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்கிறார். நான் யோசிக்காமல் சிஓபிடியைத் தொட்டேன். எங்கள் வார்டில் 90 என்றால் மானிட்டர் கத்தும், நான் ஓடுவேன், அப்படியே கைக்குப் பழக்கம். ஆனால் சிஓபிடிக்காரருக்கு 88 முதல் 92 வரை எதிர்பார்த்ததுதான். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு உதடு மரத்தால் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பி அடிபட்டுக் கால்சியம் இறங்குகிறது என்று அர்த்தம். விட்டால் குரல்வளை இறுகி மூச்சே நின்றுவிடும். தைராய்டும் எனக்குத் தெரியும், கால்சியமும் தெரியும். எதிர்பார்த்த மாற்றமா, எதிர்பாராததா என்று கேட்டுக்கொள்ளத்தான் தெரியவில்லை. அந்த ஒரு கேள்வி எனக்கு ஒரு வார வகுப்புக்குச் சமம்.

இன்னொன்று ரத்தம் ஏற்றும்போது குளிர் நடுக்கம், முதுகு வலி. நம் பழக்கம் என்ன? 'டூட்டி டாக்டரைக் கூப்பிடு.' விடையில் அதுவும் இருக்கும், அதைத்தான் தொடுவோம். முதலில் ரத்தத்தை நிறுத்தவேண்டும், புது ட்யூபில் நார்மல் சலைன் போட்டு லைனைக் காப்பாற்றவேண்டும், வைட்டல்ஸ் பார்க்கவேண்டும், அப்புறம்தான் டாக்டர். நிஜத்தில் நாம் போனை எடுப்பதற்கு முன்னாலேயே கை கிளாம்ப்பை மூடியிருக்கும். எழுதும்போது மட்டும் மரியாதையாக டாக்டரிடம் போய்விடுகிறோம். அந்தத் தேர்வு கேட்பது நர்ஸாகிய நீ உன் கையால் முதலில் என்ன செய்வாய் என்பதை.

வேலை பிரித்துக் கொடுப்பது இன்னும் கஷ்டம். அங்கே எல்பிஎன் என்று நமக்கு அடுத்த படியில் உள்ள நர்ஸ், யுஏபி என்று உரிமம் இல்லாத உதவியாளர் என்று ஆட்கள் இருக்கிறார்கள். நமக்கோ ஆயாம்மா, வார்டு பாய், ட்ரெய்னிங் பிள்ளைகள். குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவதெல்லாம் பேஷண்ட் கூட இருக்கிறவர்கள் செய்துவிடுவார்கள். மதிப்பிடுவது, கற்றுக்கொடுப்பது, பலன் பார்ப்பது இந்த மூன்றையும் யுஏபியிடம் கொடுக்கவே கூடாது என்று எழுதி, கண்ணாடியில் ஒட்டி, தலை வாரும்போதெல்லாம் படித்தேன். மருந்துப் பெயரும் அப்படித்தான். நம் வாயில் வருவது லேசிக்ஸ், டெரிஃபிலின் என்று கம்பெனி வைத்த பெயர். அங்கே ஜெனரிக் பெயர் மட்டும்தான் வரும், அதுவும் அமெரிக்கப் பெயர். பாரசிட்டமால் அசிட்டமினோஃபென், சால்பியூட்டமால் ஆல்பியூட்டரால், பெத்திடின் மெபெரிடின், அட்ரினலின் எபினெஃப்ரின். வார்டில் கேஸ் ஷீட் எழுதும்போதே மனதுக்குள் மாற்றிச் சொல்லிப் பார்ப்பேன். வேலையை விடாததால் கிடைத்த லாபம் இது. ஒவ்வொரு பேஷண்ட்டும் ஒரு கேஸ் ஸ்டடியாக ஆகிவிட்டார்.

'பொருந்தும் அனைத்தையும் தேர்ந்தெடு' வகைக் கேள்விகளில் ஒரு பழைய பயம் இருக்கிறது. முன்பு ஒன்று தவறினாலும் முழுதும் போகும். இப்போது பகுதி மதிப்பெண் உண்டு. சரியானதுக்கு ஒன்று கூடும், தப்பானதுக்கு ஒன்று குறையும், பூஜ்யத்துக்குக் கீழே போகாது. அதனால் சந்தேகமாக இருக்கிற எல்லாவற்றையும் தொட்டு வைப்பது நஷ்டம். உறுதியானதை மட்டும் தொடுங்கள்.

கூடப் படிப்பவர் பற்றி. குரூப் வேண்டாம், ஒரே ஒருவர். எனக்குத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தோழி, அவளும் மறுமுறைக்காரி. ராத்திரி ஒன்பதரைக்கு போனில் ஆளுக்கு ஐந்து தப்பைச் சொல்லவேண்டும், ஏன் தப்பு என்று தமிழிலேயே விளக்கவேண்டும். தமிழில் சொல்ல முடியவில்லை என்றால் புரியவில்லை என்று அர்த்தம். லீவு கிடைக்கிற மாலைகளில் சில்வர் பீச்சில் நோட்டோடு உட்காருவோம். காற்றில் தாள் பறக்கும், ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் மனசு லேசாக இருக்கும்.

இந்த வழிக்கும் குறை உண்டு. யாரும் கேட்கமாட்டார்கள், ஒரு வாரம் விட்டால் விட்டதுதான். ஏதாவது ஒரு பகுதி அடியோடு புரியவில்லை என்றால் மாட்டிக்கொள்வோம். எனக்கு அப்படி இசிஜி. அதற்கு மட்டும் பணம் கட்டிச் சின்ன வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். கோச்சிங்கை இப்படி ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொள்ளலாம், சோறாக ஆக்கவேண்டாம்.

நான்காவதாக, என்கிளெக்ஸையே விட்டுவிட்டு வளைகுடா நாடுகளுக்கான ப்ரோமெட்ரிக் தேர்வுக்கோ இங்கிலாந்தின் சிபிடி என்கிற கம்ப்யூட்டர் தேர்வுக்கோ போவது. அந்த நாடுகளுக்குப் போக முதலிலிருந்தே மனசு இருந்தால் தாராளமாகப் போங்கள். வீட்டுக் கடன் நெருக்குகிறது, இந்த வருடமே கூடுதல் சம்பளம் வேண்டும் என்றாலும் வளைகுடாதான் சரி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு தோல்விக்குப் பயந்து மட்டும் மாறாதீர்கள்.

தேதி குறிப்பதில் நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது மழை. ஐப்பசி கார்த்திகை அடைமழை என்பது நமக்குப் பழமொழி மட்டும் இல்லை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கடலூரில் தென்பெண்ணைக் கரையெல்லாம் வெள்ளம். அந்த மாதிரி நாளில் தேதி விழுந்தால் சென்னைக்கு எப்படிப் போவது? கரண்ட் இல்லாமல் எப்படிப் படிப்பது? நவம்பர், டிசம்பரைத் தவிர்த்துவிடுங்கள். தேர்வெழுதும் அனுமதியான ஏடிடி பெரும்பாலும் 90 நாள்தான் செல்லும், நீட்டிக்க மாட்டார்கள், காலாவதியானால் கட்டிய பணம் போனதுதான். அதனால் இன்றைக்கே பதிவு செய்யாமல், எழுதப்போகும் மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணிப் பதிவு செய்யுங்கள்.

ஏடிடியில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கவேண்டும். நமக்கு இனிஷியல் என்று ஒன்று இருக்கிறதே, அதுதான் வம்பு. மார்க் ஷீட்டில் முன்னால் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். மறுமுறை பதிவு செய்யும்போது பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பாருங்கள். முந்தின நாளே சென்னை போய்த் தங்கிவிடுங்கள். விடியற்காலை பஸ்ஸில் இசிஆரில் குலுங்கி இறங்கி, ஐந்து மணி நேரத் தேர்வில் உட்காராதீர்கள். முதல் தடவை நான் அதைத்தான் செய்தேன். மூன்றாவது மணி நேரத்தில் கேஸ் ஸ்டடியின் நர்ஸஸ் நோட்ஸை நான்கு முறை படித்தும் மண்டையில் ஏறவில்லை. தேர்வில் இடைவேளை எடுக்கலாம், ஆனால் அந்த நேரமும் ஐந்து மணி நேரத்துக்குள்தான் சேரும். இருந்தாலும் எடுங்கள், எழுந்து முகம் கழுவி வாருங்கள்.

ஜூனியர் கடைசியில் சிபிஆரை எனக்கு அனுப்பினாள். இரண்டு பகுதிகள் கீழே, மற்றவை அருகில். வேலையை விடவில்லை. பொங்கல் கழித்து ஜனவரி கடைசி வாரம் என்று வைத்திருக்கிறாள், பதிவை நவம்பரில் செய்வாள். கூடப் படிக்க ஆள் கிடைக்கும் வரை ஒன்பதரைக்கு எனக்கே கூப்பிடுகிறாள். நேற்று ரத்தம் ஏற்றுகிற கேள்விதான் வந்ததாம்.

"டாக்டருக்குச் சொல்லுன்னுதான் போட்டேன்க்கா" என்றாள். "எந்தக் கட்டத்துல எழுத?"

"மூணாவதுல எழுதும்மா" என்றேன்.